முரண்பட்டால் ஆங்கிலமே இறுதி

இலங்கைப் பேருந்து ஒன்றில் கர்ப்பிணித் தாய்மார்களுக்கு ஒதுக்கிய இருக்கைக்கான தமிழ் அறிவிப்பில், ‘தா’ வர வேண்டிய இடத்தில் ‘நா’ வந்துவிட்டது. தாய்மார்கள் நாய்மார்கள் ஆனார்கள். படம் இணையத்தில் சுற்றியபோது சிரித்தவர்களும் உண்டு, கொதித்தவர்களும் உண்டு. 2008-ல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரில் இதைவிடப் பெரிய கூத்து நடந்தது. கனரக வாகனங்கள் நுழையக் கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதிய சாலைப் பலகையில் வெல்ஷ் மொழியில் இருந்த வாசகம் இது: ‘நான் தற்போது அலுவலகத்தில் இல்லை. மொழிபெயர்க்க வேண்டியவை இருந்தால் அனுப்பிவையுங்கள்.’ நகராட்சியிலிருந்து மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு மின்னஞ்சல் போயிருக்கிறது. அங்கிருந்து தானியங்கி பதில் வந்திருக்கிறது. வந்தது வெல்ஷ் மொழியில் இருந்ததால் அதுவே மொழிபெயர்ப்பு என்று எடுத்துக்கொண்டு, பலகை அடித்து, சாலையோரம் நட்டும்விட்டார்கள். அதற்கு 2 ஆண்டுகளுக்கு முன் கார்டிஃப் நகரத்துக்கும் பெனார்த் என்ற ஊருக்கும் இடையே, சைக்கிளில் வருபவர்களை இறங்கி நடக்கச் சொல்ல வேண்டிய பலகை அவர்களுடைய சிறுநீர்ப்பை அழற்சியைப் பற்றிப் பேசியது.

இவற்றுக்குச் சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் சிரிப்பில் இரண்டு வகை கலந்திருக்கிறது. அலுவலகத்தின் அசட்டையைப் பார்த்துச் சிரிப்பது ஒன்று. ‘இந்த மொழிக்கெல்லாம் எதற்குப் பலகை, யார் படிக்கப்போகிறார்கள்’ என்று மொழியைப் பார்த்தே சிரிப்பது இன்னொன்று. வெல்ஷ் மொழிக்கு இந்த இரண்டாவது சிரிப்பு நூற்றாண்டுகளாகப் பழக்கம். 1536-ல் இயற்றிய சட்டம் வேல்ஸின் நீதிமன்றங்களில் ஆங்கிலத்தையே வைத்தது; ஆங்கிலம் பேசாதவருக்கு அரசுப் பதவி இல்லை என்றது. 1847-ல், வெல்ஷ் தெரியாத மூன்று ஆணையர்கள் வேல்ஸின் பள்ளிகளை ஆராய்ந்துவிட்டு, அந்த மக்களின் முன்னேற்றத்துக்கும் ஒழுக்கத்துக்கும் அவர்கள் மொழியே தடை என்று எழுதிவைத்தார்கள். வகுப்பில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டைத் தொங்கவிடும் வழக்கமும் அந்த நூற்றாண்டில் இருந்தது. தமிழ் பேசினால் அபராதம் போடும் ஆங்கிலவழிப் பள்ளிகளை நாமும் பார்த்திருப்பதால் இதைக் கேட்டு நாம் அதிகம் வியக்கத் தேவையில்லை. இத்தனை நாள் ஒதுக்கிவைத்த மொழியைப் பின்னொரு நாள் பலகையில் ஏற்றும்போது பிழை வந்தால், பழி எளிதாக மொழியின் மேலேயே விழுகிறது. உண்மையில் அந்தப் பிழைக்கும் மொழிக்கும் தொடர்பு குறைவு. வெளியிடுவதற்கு முன் அந்த வாசகத்தைப் படித்துப் பார்க்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லாமல் போனதுதான் காரணம். அந்தக் கட்டாயம் ஏன் இல்லை என்று தேடினால், சட்டங்களின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை வரியில் போய் நிற்போம்.

இலங்கைச் சட்டங்களின் முடிவில் வழக்கமாக அந்த வரி வரும்: சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையே ஒவ்வாமை இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும். 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. 1987-ல் 13-ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் ஆட்சிமொழி ஆயிற்று. காகிதத்தில் பெரிய மாற்றம்தான். ஆனால் ஒவ்வொரு சட்டத்தின் வாலிலும் அந்த வரி ஒட்டிக்கொண்டே வருவதால், தமிழ் உரையில் என்ன எழுதியிருந்தாலும் வழக்கு என்று வந்தால் அது தோற்கும் உரை. தோற்கும் என்று முன்கூட்டியே தெரிந்த உரையை எந்த அதிகாரி இரண்டாம் முறை படிப்பார்? பேருந்துப் பலகை எழுதியவருக்கு இந்த வரி தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழில் இருப்பது சரிபார்க்கத் தேவையில்லாதது என்ற பழக்கம் மேலிருந்து கீழே இறங்கிவிட்டால் போதும். இந்தியாவிலும் அந்த வரி வேறு உடையில் இருக்கிறது. அரசமைப்பின் 348-ஆவது கூறு உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் ஆங்கிலத்தை வைத்தது. மாநிலச் சட்டமன்றம் தன் மொழியில் சட்டம் இயற்றினாலும் ஆளுநரின் அதிகாரத்தோடு வெளியாகும் ஆங்கில மொழிபெயர்ப்பே அதிகாரபூர்வ உரை என்றது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இப்போது தமிழிலும் கிடைக்கின்றன. கூடவே, இது வழக்காடியவர் தன் மொழியில் புரிந்துகொள்வதற்கு மட்டும், அதிகாரபூர்வமானது ஆங்கிலத் தீர்ப்பே என்ற குறிப்பும் வருகிறது.

இந்த வரிக்கு மனிதர்கள் கொடுத்த விலை 2018-ஆம் ஆண்டு நீட் தேர்வில் தெரிந்தது. தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை இருந்ததாக அப்போதைய மாநிலங்களவை உறுப்பினர் டி.கே.ரங்கராஜன் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வில் வழக்கு தொடுத்தார். சிறுத்தை என்று வர வேண்டிய விலங்கு ‘சீத்தா’ என்று வந்திருந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பழத்தின் பெயர். ஜூலை 10 அன்று நீதிமன்றம் ஒவ்வொரு கேள்விக்கும் 4 வீதம் 196 மதிப்பெண்ணைத் தமிழில் எழுதிய 24,720 பேருக்கும் வழங்கச் சொன்னது. பத்து நாளில் உச்ச நீதிமன்றம் இதற்குத் தடை விதித்தது, நவம்பரில் உத்தரவை ரத்தும் செய்தது. எல்லோருக்கும் ஒரே அளவில் 196 கொடுத்தால் சிலருடைய மதிப்பெண் மொத்தமான 720-ஐயே தாண்டிவிடும் என்ற வாதத்தில் நியாயம் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பரிகாரம் பிழையானது, பிழை இருந்தது என்பது பொய்யாகிவிடவில்லை. தேர்வை நடத்திய சிபிஎஸ்இ தன் கையேட்டையே கேடயமாகப் பிடித்தது. மொழிபெயர்ப்பில் ஐயம் இருந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்று அதில் முன்பே அச்சிட்டாயிற்று, வினாத்தாளில் ஆங்கிலமும் கூடவே இருந்தது என்றார்கள். ஆங்கிலத்தைப் படித்துச் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய மாணவன் தமிழ் வினாத்தாளைக் கேட்டிருக்கவே மாட்டான் என்ற எளிய விஷயம் அந்தக் கேடயத்துக்கு எட்டவில்லை. மறு ஆண்டு முதல் தேர்வு தேசியத் தேர்வு முகமையின் கைக்குப் போனது. அந்த விதி மட்டும் இடம் மாறவில்லை.

இதே நாட்டில் பிழை விரைவாகத் திருத்தப்பட்ட சம்பவமும் உண்டு. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றுவதாக அறிவித்தது. நோக்கம் நல்லது. ஆனால் கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் கொடுத்த ஆங்கில எழுத்துகளைப் பார்த்து நாடே கேலி செய்தது. பத்து நாளுக்குள் அரசாணை திரும்பப் பெறப்பட்டது. ஆங்கிலத்தில் பிழை என்றால் படிக்கிறவர்கள் அதிகாரத்தில் இருக்கிறார்கள், அவர்கள் முகம் சுளித்தால் கோப்பு ஓடுகிறது. தமிழில் பிழை என்றால் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று மாதக்கணக்கில் அலைந்து, கடைசியில் கையேட்டின் ஒரு வரியிடம் தோற்க வேண்டியிருக்கிறது.

தேர்வாவது வருடம் ஒருமுறை வருகிறது. சென்னைக்கு வடக்கே, மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவில் இருக்கும் அனுப்பம்பட்டிலிருந்து கிழக்கே காட்டுப்பள்ளி, பழவேற்காடு வரை உள்ள ஊர்களுக்கு இந்த வரி அன்றாடப் பிழைப்பின் மேல் கிடக்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தைச் சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரியிலும், பிறகு 2023 செப்டம்பரிலும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டு இரண்டு முறையும் தள்ளிவைக்கப்பட்டது. திட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கு இங்கே நமக்கு இல்லை. அந்தக் கூட்டத்துக்கு மக்கள் எதைப் படித்துவிட்டு வர வேண்டும் என்பதுதான் கேள்வி. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரித்துக் கொடுப்பது திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் நிறுவனம். அதன் சுருக்கம் மட்டும் ஆங்கிலத்திலும் மாநில ஆட்சிமொழி அல்லது உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும். முழு அறிக்கை தமிழில் வர வேண்டும் என்று அறிவிக்கை கேட்கவில்லை. கரை அரிக்குமா, முகத்துவாரம் தூர்ந்துபோகுமா, தூர்வாரிய மண் எங்கே கொட்டப்படும், படகு போக வழி இருக்குமா என்பவற்றுக்கான கணக்கும் வரைபடமும் இருக்கும் பெருந்தொகுதி ஆங்கிலத்தில் கிடக்கும். ஊருக்குக் கிடைப்பது சில பக்கச் சுருக்கம். சுருக்கத்தில் எது விடுபட்டது என்று கண்டுபிடிக்க முழு அறிக்கையைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவருக்குச் சுருக்கம் தேவையில்லை. டெல்லியில் முடிவெடுக்கும் நிபுணர் குழுவுக்கோ அந்தத் தமிழ்ச் சுருக்கத்தால் எந்தப் பயனும் கிடையாது. ஆக, எழுதியவரும் பொறுப்பில்லை, முடிவெடுப்பவரும் படிப்பதில்லை. யாருக்காக எழுதப்பட்டதோ அவர் அதை நம்பி ஒரு வார்த்தை பேசினால், ஆங்கிலத்தில் அப்படி இல்லையே என்று வாயை அடைத்துவிடலாம்.

மொழிபெயர்ப்பு இங்கே ஒரு திசையில் மட்டும் போவதும் இல்லை. பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை இருக்கிறது. இறால் படும் இடங்களை ஊர்களுக்கு இடையேயும், ஊருக்குள் தலைக்கட்டுகளுக்கு இடையேயும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். எத்தனையோ சண்டைகளைப் பேசித் தீர்த்து எட்டிய ஒப்பந்தம், ஏறக்குறைய ஒரு சொத்துரிமைச் சட்டம். சென்னைப் பக்கத்துக் கடற்கரையில் நீரோட்டத்தை வன்னி, தெண்டி என்றும், காற்றை வாடை, கொண்டல், கச்சான் என்றும் பிரித்துச் சொல்வார்கள். எந்தக் காற்றுக்கு எந்த மீன் கரை சேரும் என்பது அந்தப் பெயர்களில் இருக்கிறது. கணக்கெடுக்க வருபவரிடம் மீனவர் இவற்றைத் தமிழில் சொல்கிறார். அது ஆங்கில அறிக்கையில் பாரம்பரிய மீன்பிடிப்பு என்ற பொதுச் சொல்லாகச் சுருங்கிவிட வாய்ப்பு அதிகம். அதைப் பார்த்துத் தமிழில் சுருக்கம் எழுதுபவர் ஏரியைக் கண்டவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சொன்னவரின் கைக்கே அது திரும்பி வரும்போது, பாடு இருந்த இடத்தில் அவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு கலைச்சொல் நிற்கும். இதில் எழுத்துப் பிழை ஒன்றுகூட இருக்காது. படம் எடுத்துப் போட்டுச் சிரிக்கவும் வழியில்லை. கூட்டத்தில் மக்கள் பேசியதைத் தொகுத்து, முடிவில் உள்ளூர் மொழியில் விளக்கிச் சொல்ல வேண்டும் என்றும், மக்கள் எழுப்பிய பிரச்சினைகளையும் விண்ணப்பதாரரின் பதிலையும் உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுத வேண்டும் என்றும் அறிவிக்கை சொல்கிறது. விதி எழுதியவர்கள் ஆபத்தை அறிந்தே இருந்திருக்கிறார்கள். இரண்டு பதிவும் ஒத்துப்போகாவிட்டால் எது செல்லும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்கள். சொல்லாமல் விட்ட இடத்தில் நிர்வாகத்தின் பழக்கம் ஆங்கிலத்தின் பக்கமே சாயும்.

இதற்கு வரும் மறுப்புகளில் பழையது செலவு. சிறிய மொழிகளுக்கெல்லாம் முழு ஆவணத்தையும் பெயர்த்துக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா என்கிறார்கள். 2020-ல் புதிய சுற்றுச்சூழல் அறிவிக்கையின் வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தபோது, அரசமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் வெளியிடும்படி டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. ஆட்சிமொழிச் சட்டப்படி அப்படிச் செய்யும் கடமை தனக்கு இல்லை என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றம் போனது. அந்தச் சட்டத்தையே திருத்துவது பற்றி யோசிக்கலாமே என்று அங்கே நீதிபதிகள் கேட்டார்கள். பல்லாயிரம் கோடி ரூபாய்த் திட்டத்தின் விண்ணப்பதாரருக்கு முழு அறிக்கையைத் தமிழாக்கும் செலவு ஒரு பொருட்டே அல்ல என்பதால் இந்த மறுப்பை நீட்டிக்கத் தேவையில்லை. வேல்ஸில் எழும் மறுப்பு சற்று வலுவானது. 2021 கணக்கெடுப்பின்படி அங்கே வெல்ஷ் பேசுபவர்கள் 17.8 சதவீதம்தான், ஏறத்தாழ அனைவருக்கும் ஆங்கிலம் தெரியும், பிறகு எதற்கு இரட்டை வேலை? அந்தக் கேள்விக்கு அவர்கள் தங்கள் மொழியின் எதிர்காலத்தை முன்வைத்துப் பதில் சொல்கிறார்கள், அது அவர்கள் வழக்கு. பழவேற்காட்டில் அந்தக் கேள்வியே எழாது. இங்கே கேட்பது மொழிப் பெருமைக்காக அல்ல. ஆங்கிலம் படிக்காத ஒருவர் தன் ஏரியைப் பற்றிய ஆவணத்தைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்பது இப்போது பரவலாகக் கேட்கும் பதில். உச்ச நீதிமன்றமே 2019-ல் சுவாஸ் என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளை அறிமுகப்படுத்தியது. இயந்திரத்தால் வேலை விரைவாகும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இயந்திரம் முன்னேற முன்னேறப் பிழையின் சாயல் மாறுகிறது. நாய்மார்களைப் பார்த்ததும் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ‘செய்யலாம்’ என்பதற்கும் ‘செய்ய வேண்டும்’ என்பதற்கும் இடையிலான வேறுபாடு, ‘தற்காலிகமாக’ என்ற ஒரு சொல் விடுபடுவது போன்றவை வழுவழுப்பான தமிழில் கண்ணுக்குப் படாமல் நழுவும். ஸ்வான்சியின் தவறும் இயந்திரம் அனுப்பிய பதிலில் தொடங்கியதுதான். அதைப் படித்துப் பார்க்க ஒரு வெல்ஷ் வாசகர் வழியில் இல்லாமல் போனார் என்பதே அங்கு நடந்தது.

வேல்ஸின் சட்ட வரலாறு நமக்கு ஒரு வழியைக் காட்டுகிறது. 1967-ல் வெல்ஷ் மொழிச் சட்டம் வந்தபோது, நாம் மேலே பார்த்த அதே வரி அதிலும் இருந்தது: இரு உரைகளும் முரண்பட்டால் ஆங்கிலமே மேலோங்கும். 1993-ல் வந்த சட்டம் பொதுச்சேவையில் இரு மொழிகளையும் சமமாக நடத்தச் சொன்னது. 2006-ன் வேல்ஸ் அரசுச் சட்டம் அதற்கும் மேலே போய், வேல்ஸ் பேரவை இரு மொழியிலும் இயற்றும் சட்டங்களின் இரு உரைகளுக்கும் எல்லா வகையிலும் சம தகுதி என்றது. கனடாவின் 1982-ஆம் ஆண்டு அரசமைப்பு ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் இதையே செய்திருக்கிறது. அப்படியானால் 2008-ல் ஸ்வான்சியில் பிழை எப்படி வந்தது என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. சம தகுதி பிழையை ஒழித்துவிடவில்லை, சட்டப் புத்தகத்துக்கும் சாலைப் பலகைக்கும் தூரம் அதிகம். ஆனால் வெல்ஷ் இதழ் ஒன்று அப்படிப்பட்ட பலகைகளைப் படமெடுத்து வெளியிட்டுக்கொண்டிருந்தது, ஸ்வான்சிப் பலகையும் விரைவிலேயே இறக்கப்பட்டது. அங்கே யாரும் ஆங்கிலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித் தப்ப முடியவில்லை.

நம் ஊருக்கு இதைவிட எளிய வழியும் இருக்கிறது. ஒப்பந்தச் சட்டத்தில் பழைய கொள்கை ஒன்று உண்டு: ஆவணத்தில் ஐயம் எழுந்தால் அதை எழுதியவருக்கு எதிராகப் பொருள் கொள்ள வேண்டும். காப்பீட்டு வழக்குகளில் நீதிமன்றங்கள் இதைப் பலமுறை பயன்படுத்தியிருக்கின்றன. கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்கும் அப்படியே விதி செய்யலாம். முழு அறிக்கை மக்களின் மொழியில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தோடு அது முரண்பட்டால் மக்களிடம் கொடுத்த வடிவமே விண்ணப்பதாரரைக் கட்டுப்படுத்தும். அப்படி ஒரு வரி வந்துவிட்டால், பாடு என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டு நிறுவனத்தின் வழக்கறிஞரே பழவேற்காட்டுக்கு வந்து நிற்பார். பிழைத்தமிழால் திட்டங்கள் முடங்கிவிடும் என்று தொழில் துறையினர் அஞ்சலாம். அந்த அச்சம் இருக்கட்டும். இதுவரை அது மீனவர் பக்கம் மட்டுமே இருந்தது.

இதைக் கேட்கும் தமிழ்நாடு தன் பங்கையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 2006-ன் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு, தெலுங்கும் பிற மொழிகளும் பயிற்றும் சிறுபான்மைப் பள்ளிகள் தங்கள் பிள்ளைகளுக்கு விலக்குக் கேட்டு நீதிமன்றப் படி ஏறிக்கொண்டிருந்தன. நீலகிரியின் தோடர், கோத்தர், இருளர் மொழிகளில் ஓர் அரசு அறிவிப்பாவது வர வேண்டும் என்று நம் மொழி மேடைகளில் யாரும் கேட்பதில்லை. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. அதன் வடகரையில் தெலுங்கும் தென்கரையில் தமிழும், இடையில் இரண்டும் கலந்தும் புழங்குகின்றன. பாடு முறைக்கு வெளியே, கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்களும் அதே நீரில்தான் நிற்கின்றன. ஆட்சிமொழி, உள்ளூர் மொழி என்ற இரண்டுக்கும் நடுவில் அறிவிக்கை ஒரு சாய்கோட்டைப் போட்டு நிறுத்தியிருக்கிறது. கோட்டின் எந்தப் பக்கத்தில் நிற்பது, யாருடைய பேச்சை உள்ளூர் மொழியாகக் கொள்வது என்பதை இன்று வரை முடிவு செய்வது அறிக்கையைத் தயாரித்துக் கொடுக்கும் விண்ணப்பதாரர்தான்.